உடம்புக்குள் வைக்கும் சிப்: மகள் ஆராய்ச்சிக்குப் போகலாமா?

கேள்வி: மகள் ஈசிஇ மூன்றாம் ஆண்டு. கேம்பஸில் சாஃப்ட்வேர் வேலை கிடைத்துவிடும் என்கிறார்கள். அவளோ உடம்பில் அணிகிற, உடம்புக்குள் பொருத்துகிற மருத்துவக் கருவிகளுக்கு சிப் வடிவமைக்கும் ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்கிறாள். எம்.டெக். பயோமெடிக்கலில் சேர்த்துவிடலாமா? பிறகு வேலை கிடைக்குமா?

பதில்: அம்மா, அவசரப்பட்டு பயோமெடிக்கலில் சேர்க்க வேண்டாம். பெயரில் 'பயோ' இருப்பதாலேயே அது இந்த ஆராய்ச்சிக்கு வாசல் ஆகிவிடாது. அந்தப் பெயரில் நடக்கும் பல படிப்புகள் மருத்துவமனைக் கருவிகளின் பராமரிப்பு, ஸ்கேன் படங்கள், சிக்னல் ப்ராசஸிங் பக்கம் சாய்ந்தவை. இந்தச் சிப்களை வடிவமைக்கும் ஆராய்ச்சிக்கூடங்களில் பெரும்பாலானவை எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ் துறைகளுக்குள்தான் இருக்கின்றன. அங்கே முதலில் கேட்பது அனலாக் சர்க்யூட், அதாவது சிக்னலை 0, 1 என்று எண்ணாக்காமல் அப்படியே கையாளும் மின்சுற்று. உங்கள் மகள் சரியான துறையில்தான் இருக்கிறாள்.

அனலாக் ஏன் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அவள் எதற்காக அடம் பிடிக்கிறாள் என்பது உங்களுக்கும் புரியும். நெஞ்சில் ஒட்டும் எலெக்ட்ரோடில் கிடைக்கும் இதயத்தின் இசிஜி சிக்னல் சுமார் 1 மில்லிவோல்ட். தலையில் வைத்து எடுக்கும் மூளையின் இஇஜி அதில் நூறில் ஒரு பங்கு முதல் பத்தில் ஒரு பங்கு வரை, பத்து முதல் நூறு மைக்ரோவோல்ட். இது போதாதென்று, எலெக்ட்ரோடும் தோலும் சேரும் இடத்திலேயே 300 மில்லிவோல்ட் வரை ஒரு நிலையான மின்னழுத்தம் உருவாகலாம். சுவரில் ஓடும் வயரிலிருந்து 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வேறு. சந்தைக் கூச்சலுக்கு நடுவே ஒருவர் காதில் கிசுகிசுப்பதைப் பிடிக்கிற வேலை. டிரான்சிஸ்டருக்குச் சொந்தமான இரைச்சலும் குறைந்த அதிர்வெண்ணில்தான் அதிகம். அதனால் சிக்னலை மேல் அதிர்வெண்ணுக்குத் தூக்கிப் பெருக்கி, திரும்பக் கீழே இறக்கும் 'சாப்பர்' உத்தியைக் கையாள்கிறார்கள். இத்தனையும் சில மைக்ரோவாட் மின்சாரத்தில் நடக்க வேண்டும். பேஸ்மேக்கர் சில பத்து மைக்ரோவாட்டில் ஓடுவதால்தான் ஒரு லித்தியம்-அயோடின் பேட்டரியில் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது.

உடம்புக்குள் போனால் சிக்கல் இன்னும் கூடும். காக்ளியர் இம்ப்ளான்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செவித்திறன் இல்லாத சிறு குழந்தைகளுக்குப் பொருத்துகிறார்களே, அதுதான். எலெக்ட்ரோடின் மின்தடை 10 கிலோ ஓம், நரம்பைத் தூண்டத் தேவை 1 மில்லி ஆம்பியர் என்றால் 10 வோல்ட் வேண்டும். இன்றைய நுண்ணிய சிப் டிரான்சிஸ்டர்கள் சுமார் 1 வோல்ட்டைத்தான் தாங்கும். அதனால்தான் செல்போன் சிப்புகள் 3 நானோமீட்டருக்கு வந்துவிட்ட பிறகும் இம்ப்ளான்ட் ஆராய்ச்சியில் 180 நானோமீட்டர் போன்ற 'பழைய' தொழில்நுட்பம் மதிப்போடு இருக்கிறது. உள்ளே செலுத்திய மின்னூட்டம் முழுவதையும் எதிர்த்துடிப்பால் திரும்ப எடுத்துவிடவும் வேண்டும். மிச்சம் சேர்ந்துகொண்டே போனால் எலெக்ட்ரோடு அரிக்கும், சுற்றியுள்ள திசு சாகும். கருவி தன்னைச் சுற்றியுள்ள திசுவை 2 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஈரம். வடிவமைப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும், உறையின் ஓரத்தில் நுழையும் நீராவி சில மாதங்களில் கம்பி இணைப்பை அரித்துவிடும். மாணவர்கள் ஆய்வுக் கட்டுரையில் கடைசிப் பத்தியாகத் தள்ளிவிடும் இந்தப் பேக்கேஜிங்தான் மனிதருக்குப் பொருத்தும் கட்டத்தில் முதல் தலைவலி. அவளுக்கு வேதியியலும் பிடிக்கும் என்றால், இந்தப் பக்கம் போட்டி குறைவு என்று சொல்லிவையுங்கள்.

அவளுடைய ஆசை எவ்வளவு உறுதியானது என்று சோதிக்க லட்சங்கள் வேண்டாம். இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாயும் ஒரு செமஸ்டரும் போதும்.

ஏடி8232 சிப் உள்ள இசிஜி போர்டு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதோடு ஒட்டும் எலெக்ட்ரோடு ஒரு பாக்கெட், என்ஆர்எஃப்52 வகை ப்ளூடூத் போர்டு ஒன்று. லேப்டாப்பில் இணைத்துப் பார்க்கும்போது சார்ஜரைக் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். பேட்டரியில் மட்டுமே ஓட வேண்டும். இதயத்தோடு நேரடித் தொடர்புள்ள மருத்துவக் கருவியில் இயல்பு நிலையில் அனுமதிக்கப்படும் கசிவு மின்சாரமே 10 மைக்ரோ ஆம்பியர்தான். மலிவு சார்ஜர் அந்தக் கணக்குக்கெல்லாம் கட்டுப்படாது.

முதலில் திரையில் 50 ஹெர்ட்ஸ் அலை கொழுத்துத் தெரியும். காரணம் பெரும்பாலும் போர்டு அல்ல. இரண்டு எலெக்ட்ரோடுகளும் தோலில் ஒரே மாதிரி ஒட்டாததால், இரண்டுக்கும் பொதுவாக வரும் இரைச்சல் வித்தியாசமாக மாறி உள்ளே நுழைகிறது. தோலைத் துடைத்து, வயர்களை முறுக்கி, மூன்றாவது எலெக்ட்ரோடைச் சரியாக ஒட்டினாலே பாதி அடங்கும். சாஃப்ட்வேர் ஃபில்டரை முதல் நாளே போட்டு மறைத்துவிட்டால் அவள் எதையும் கற்கவில்லை என்று பொருள்.

அடுத்து, அதையே சிஆர்2032 பட்டன் செல்லில் ஓட்டச் சொல்லுங்கள். அதன் கொள்ளளவு சுமார் 220 மில்லி ஆம்பியர்-மணி. சராசரி 1 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒன்பது நாள்; 50 மைக்ரோ ஆம்பியர் என்றால் காகிதக் கணக்கில் ஆறு மாதம். நிஜத்தில் அவ்வளவு வராது. செல் பழசாக ஆக அதன் உள்தடை ஏறும். ரேடியோ அனுப்பும் ஒவ்வொரு கணமும் மின்னழுத்தம் சரியும். ஒரு நாள் சிப் தானாகவே ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும். செல்லுக்குப் பக்கத்தில் ஒரு 100 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் வைத்தால் இது வெகுவாகக் குறையும். வைஃபை போர்டு வாங்கிவிட்டால் கதையே முடிந்தது. அது ஒரே மூச்சில் 200 மில்லி ஆம்பியருக்கு மேல் கேட்கும். பட்டன் செல் தராது.

மூன்றாவது, சிப் வடிவமைப்பு. என்ஜிஸ்பைஸ் சிமுலேட்டரும், ஸ்கைவாட்டர் என்ற சிப் தயாரிப்பு நிறுவனத்தின் 130 நானோமீட்டர் வடிவமைப்புக் கோப்புகளும் இலவசம். நரம்பு சிக்னலுக்கான ஒரு ஆம்ப்ளிஃபையரை வரைந்து, அதன் இரைச்சலை அளக்கச் சொல்லுங்கள். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ரீட் ஹாரிசனும் கேமரன் சார்ல்ஸும் 2003இல் வெளியிட்ட ஆம்ப்ளிஃபையர் 2.2 மைக்ரோவோல்ட் இரைச்சல், 80 மைக்ரோவாட் செலவு. இன்றும் மாணவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோல் அது. ஆரம்பத்தில் 'எனக்கு 1 மைக்ரோவோல்ட்தான் வந்தது' என்று அவள் துள்ளினால், எந்த அதிர்வெண் பட்டையில் கூட்டினாய் என்று கேளுங்கள். பட்டையைச் சுருக்கினால் இரைச்சல் குறைவாகத்தான் தெரியும். பாதிப் பேர் அங்கேதான் தவறுகிறார்கள்.

இரைச்சலைத் துரத்திய அந்த வாரங்கள் அவளுக்கு அலுப்பாக இருந்தால் ஆராய்ச்சி வேண்டாம், அதில் வெட்கமும் இல்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் வரவில்லை என்றால் மேலே படியுங்கள்.

முதுநிலைப் பொறியியல் படிப்புக்கான கேட் நுழைவுத்தேர்வில் 2020 முதல் பயோமெடிக்கலுக்குத் தனித் தாள் இருக்கிறது. அவள் எழுத வேண்டியது அதல்ல, எலெக்ட்ரானிக்ஸுக்கான ஈசி தாள். மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம், மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும். அதனால் வருகிற முறையே ஒரு முயற்சி செய்வதில் நஷ்டமில்லை. சென்னை ஐஐடியின் எம்.எஸ். ஆராய்ச்சிப் படிப்பு, பெங்களூரு ஐஐஎஸ்சியின் எலெக்ட்ரானிக் சிஸ்டம்ஸ், நானோ அறிவியல் துறைகள் ஆகிய இரண்டும் முதலில் பார்க்க வேண்டியவை. சென்னை ஐஐடி ஆய்வுப் பூங்காவில் உள்ள ஹெச்டிஐசி மையம் மருத்துவர்களோடு சேர்ந்து கருவிகளைக் களம் வரை கொண்டுபோகிற இடம். ரத்தக்குழாயின் விறைப்பை அளக்கும் ஆர்ட்சென்ஸ் அங்கே உருவானது. மருத்துவமனைச் சூழல் வேண்டும் என்றால் சென்னை ஐஐடி, வேலூர் சிஎம்சி, திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா மூன்றும் சேர்ந்து நடத்தும் கிளினிக்கல் எஞ்சினியரிங் இருக்கிறது. அது சிப் படிப்பு அல்ல என்பதைத் தெரிந்துகொண்டு சேர வேண்டும்.

கேட் வழியாகச் சேரும் எம்.டெக். மாணவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. பிஎச்.டி. நிலையில் ஜேஆர்எஃப் என்னும் ஆய்வு உதவித்தொகை 2023 முதல் 37,000. பெரிய தொகை இல்லை. வீட்டிலிருந்து பணம் அனுப்பாமல் ஓடும், அவ்வளவுதான்.

நேர்காணலுக்கு முன் அவள் பேராசிரியரின் குழுவைப் பற்றி விசாரிக்க வேண்டியவை: கடந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை சிப் உண்மையில் தயாராகி வந்தது? எங்கே செய்கிறார்கள், மொஹாலியில் உள்ள அரசு சிப் ஆலையான எஸ்சிஎல்லின் 180 நானோமீட்டரிலா, வெளிநாட்டிலா? அளந்து பார்க்கக் கருவிகள் இருக்கின்றனவா? கூட வேலை செய்யும் மருத்துவர் யார்? சிப்பை அனுப்பினால் கைக்கு வர மாதங்கள் ஆகும். அனுப்பும் தேதியைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்பு வரை காத்திருக்க வேண்டும். அளந்து பார்க்கும் முனைகளை வைக்க மறந்த ஒரு சின்னப் பிழை ஒரு வருடத்தை விழுங்கிவிடும். விலங்குச் சோதனை என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கும் காலம் ஒதுக்க வேண்டும். 'இரண்டு வருடத்தில் முடித்துவிடுவாள்' என்று உறவினர்களிடம் நாள் குறித்துவிடாதீர்கள்.

வெளிநாடு என்றால் ஒரே ஒரு கண்டிப்பு: கடன் வாங்கி எம்.எஸ். வேண்டாம், பிஎச்.டி.க்கு நேரடியாக விண்ணப்பிக்கட்டும். அமெரிக்காவில் பிஎச்.டி.க்குப் பெரும்பாலும் கட்டணமும் செலவும் பல்கலைக்கழகமே பார்த்துக்கொள்ளும். யூட்டா, மிஷிகன், பெர்க்லி, பெல்ஜியத்தின் லூவன் ஆகியவை இத்துறையில் ஆழ வேரூன்றியவை. எம்ஐடியில் மின்சாரம் மிகக் குறைவாக இழுக்கும் சிப்புகளுக்குப் பெயர்பெற்றவர், சென்னையில் பிறந்த ஆனந்த சந்திரகாசன். வெளியே கருவி எதுவும் தெரியாத காக்ளியர் இம்ப்ளான்ட்டுக்கான சிப்பை 2014இல் காட்டியது அவரது குழு. பேராசிரியர்களுக்கு அவள் அனுப்பும் மின்னஞ்சல் பத்து வரிக்குள் இருக்கட்டும். அவருடைய ஒரு கட்டுரையைப் பற்றி ஒரு நல்ல கேள்வி அதில் இருக்கட்டும்.

இனி வேலை. மறைக்காமல் சொல்கிறேன்: உடம்புக்குள் பொருத்தும் கருவிகளுக்கு சிப் வடிவமைக்கும் வேலை இந்தியாவில் மிகக் குறைவு. உலகிலும் இந்தத் தொழிலில் பணம் நிச்சயமில்லை. 60 எலெக்ட்ரோடுகள் கொண்ட ஆர்கஸ் 2 செயற்கை விழித்திரையைத் தயாரித்த நிறுவனமே அதைக் கைவிட்டு, பொருத்திக்கொண்டவர்கள் நடுவில் நின்ற கதையும் உண்டு. ஆனால் இரைச்சலையும் மைக்ரோவாட்டையும் கட்டி மேய்க்கத் தெரிந்த அனலாக் எஞ்சினியரை பெங்களூரு, ஹைதராபாத் சிப் நிறுவனங்கள் தேடிக்கொண்டேதான் இருக்கின்றன. அதனால்தான் பயோமெடிக்கல் பட்டத்தைவிட அனலாக் ஆழம் முக்கியம் என்று சொன்னேன். அது இரண்டு கதவுகளையும் திறக்கும். மருத்துவக் கருவி நிறுவனம்தான் வேண்டும் என்றால் ஐஇசி 60601 பாதுகாப்பு விதி, ஐஎஸ்ஓ 13485 தர விதி, நம் நாட்டின் 2017 மருத்துவக் கருவிகள் விதி மூன்றையும் படித்து வைத்திருப்பவர்களுக்கு மதிப்பு தனி.

கேம்பஸ் வேலை பற்றி: கேட் மதிப்பெண் வராவிட்டால் சேரட்டும், பாண்ட் கையெழுத்து கேட்கும் நிறுவனம் மட்டும் வேண்டாம். கருவிகளுக்குள் ஓடும் புரோகிராம் எழுதும் எம்பெடட் வேலை கிடைத்தால் சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் அதையே எடுத்துக்கொள்ளலாம். கேட் விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்ட்-செப்டம்பர் வாக்கில் திறக்கும், தேர்வு பிப்ரவரியில். அதற்குள் அந்த இசிஜி போர்டை வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.