தொட்டியில் தானியம், வயிற்றில் அமிலம்: ஃபீட்லாட் தீவனம் குறித்த வாசகர் கேள்விகள்

அமெரிக்காவின் டெக்சாஸ், கான்சாஸ், நெப்ராஸ்கா மாநிலங்களிலும், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் பகுதிகளிலும் இறைச்சி மாடுகள் தம் கடைசி மாதங்களைத் திறந்தவெளிப் பட்டிகளில் தானியம் தின்று கழிக்கின்றன. ஃபீட்லாட் எனப்படும் இந்த வளர்ப்பு முறையைப் பற்றி, அங்கே குடியேறியவர்களும் கால்நடை மருத்துவம் படிக்கும் மாணவர்களும் நம் ஊர் ஆடு வளர்ப்போரும் கேட்டவற்றிலிருந்து சில கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மேய்ச்சலில் வளர்ந்த மாட்டுக்குப் பட்டிக்கு வந்த முதல் நாளே முழுத் தானியத் தீவனம் கொடுத்தால் என்ன? நிறையத் தின்றால் சீக்கிரம் எடை கூடுமே. (டாலஸ் வாசகர்)

எடை கூடாது, மாடு செத்துப் போகலாம். மாட்டின் வயிற்றில் தீவனத்தைச் செரிப்பது முதன்மையாக மாடு அன்று, அதன் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகள்தாம். புல் தின்று வந்த மாட்டின் வயிற்றில் நாரைச் செரிக்கும் கூட்டமே பெரும்பான்மையாக இருக்கும். அந்த நிலையில் திடீரென்று மாவுச்சத்து வந்து குவிந்தால், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் போன்ற பாக்டீரியாக்கள் சில மணி நேரத்தில் பல்கிப் பெருகி லாக்டிக் அமிலத்தைச் சுரந்து தள்ளுகின்றன. அந்த அமிலத்தைத் தின்று தீர்க்கக்கூடிய மெகாஸ்ஃபேரா எல்ஸ்டெனி போன்றவை மெதுவாகத்தான் பெருகும். இந்த இடைவெளியில்தான் விபத்து நடக்கிறது.

முதல் இரைப்பையின் பி.எச். அளவு (இது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) 5.6க்குக் கீழே இறங்கி அங்கேயே நிற்குமானால் மறைமுக அமில நோய் என்றும், 5க்கு அருகில் சரிந்தால் கடும் அமில நோய் என்றும் கொள்ளலாம். கடும் நோயில் மாடு அசை போடுவதை நிறுத்திவிடும், வயிற்றைத் தள்ளிப் பார்த்தால் உள்ளே நீர் தளும்பும், புளித்த நெடியுடன் நீர்த்த சாணம் போடும், கண்கள் உள்வாங்கும், ஓரிரு நாளில் படுத்துவிடும். மறைமுக நோய் இவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது, ஆனால் பண்ணையாருக்கு அதுவே பெரிய இழப்பு. அமிலத்தால் புண்ணான இரைப்பைச் சுவரின் வழியே ஃபியூசோபாக்டீரியம் நெக்ரோஃபோரம் என்ற கிருமி இரத்தத்தில் கலந்து ஈரலுக்குச் சென்று சீழ்க்கட்டிகளை உண்டாக்குகிறது. இறைச்சிக்கூடத்தில் ஈரலைத் திறந்து பார்க்கும் வரை அந்த மாட்டுக்கு நோய் இருந்ததே பல நேரங்களில் யாருக்கும் தெரிவதில்லை.

ஆகவே மூன்று அல்லது நான்கு படிகளாக, 21 முதல் 28 நாள் வரை எடுத்துக்கொண்டு, வைக்கோலும் தட்டையும் மிகுந்த தீவனத்திலிருந்து இறுதிக்கட்டத் தீவனத்துக்கு நகர்த்துகிறார்கள். இறுதிக்கட்டத்திலும் உலர் எடையில் (ஈரத்தைக் கழித்த தீவன எடையில்) 8 முதல் 12 சதவீதம் வரை நார்த்தீவனம் இருக்கும். அதன் ஊட்டச்சத்தை எண்ணி அதைச் சேர்ப்பதில்லை. நார் இருந்தால்தான் மாடு அசை போடும், அசை போட்டால்தான் உமிழ்நீர் சுரக்கும், அந்த உமிழ்நீரில் உள்ள பைகார்பனேட்தான் அமிலத்தை ஆற்றும்.

கேள்வி: ஒரு மாடு எத்தனை நாள் பட்டியில் இருக்கும்? எவ்வளவு தின்னும், எவ்வளவு ஏறும்? (சிட்னி வாசகர்)

அமெரிக்க நடைமுறையில், 320 கிலோ எடையில் நுழையும் ஒரு காயடித்த காளை நாளொன்றுக்குச் சராசரியாக 1.6 கிலோ ஏறி, ஏறத்தாழ 200 நாளில் 640 கிலோவை எட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். கனத்த எடையில் வருபவை 120 நாளிலேயே வெளியேறும். உலர் எடைக் கணக்கில் நாளொன்றுக்கு 10 கிலோ அளவில் தின்னும். அதாவது ஒரு கிலோ எடை ஏற ஆறு கிலோ சொச்சம் தீவனம். ஆஸ்திரேலியாவில் பார்லி, கோதுமை, சோளம் ஆகியவையே பிரதான தானியங்கள். அங்கே வழக்கமான தானிய ஊட்ட முத்திரைக்குக் குறைந்தது 100 நாள் ஊட்டியிருக்க வேண்டும், வாக்யு இன மாடுகளை 300 நாளுக்கு மேலும் வைத்திருப்பார்கள்.

இந்தச் சராசரிகளை நம்பிக் கடைசி வாரங்களைக் கணக்கிடுவது தவறு. தொடக்கத்தில் ஏறும் எடையில் தசையே அதிகம், தசையில் பெரும்பகுதி நீர். கடைசியில் ஏறுவது பெரிதும் கொழுப்பு, அதற்கு ஆகும் தீவனமோ மிக அதிகம். ஆகவே நாள் கூடக்கூட ஒவ்வொரு கிலோவும் விலை கூடிக்கொண்டே போகும். தசைக்குள் கொழுப்பு படர்ந்தால் சாய்ஸ், பிரைம் என்ற உயர்ந்த தரம் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் முதுகுக் கொழுப்பும் சேர்ந்தே தடிக்கும், அதற்கு விலையில் பிடித்தம் உண்டு. சந்தை விலை ஏறும் என்று காத்திருந்து, தின்ற தீவனத்துக்கே கட்டாமல் விற்கும் வழக்கத்தை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: மக்காச்சோளத்தை ஆவியில் வேகவைத்துத் தட்டையாக நசுக்குகிறார்களாமே. அரைத்துக் கொடுத்தால் போதாதா? (கால்நடை மருத்துவ மாணவி, நாமக்கல்)

மக்காச்சோள மணியில் மாவுச்சத்துத் துகள்களைச் சுற்றிப் புரதம் இறுகப் பின்னியிருக்கிறது. உலர்ந்த மணியை நசுக்கிக் கொடுத்தால் மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்காமல் சாணத்தோடு போய்விடும். சாணத்தைக் கழுவிப் பார்த்தால் மஞ்சள் துணுக்குகள் கண்ணுக்கே தெரியும். அரை மணி நேரத்துக்கு மேல் ஆவியில் வைத்துச் சூடான உருளைகளுக்கு இடையே நசுக்கும்போது அந்தப் பின்னல் உடைந்து, மாவுச்சத்து இளகி, ஏறக்குறைய முழுவதும் செரித்துவிடுகிறது. உலர்ந்து நசுக்கியதைவிட 10 சதவீதத்துக்கும் மேல் தீவனத் திறன் கூடுவதால்தான் டெக்சாஸ், கான்சாஸ் பகுதிகளின் பெரிய பட்டிகள் கொதிகலனுக்கும் எரிவாயுவுக்கும் செலவழிக்கின்றன. மாவாக அரைப்பது மோசமான வழி. மாவு மிக வேகமாகப் புளித்து, முதல் கேள்வியில் சொன்ன ஆபத்தை அழைத்துவரும்.

நெப்ராஸ்காவில் கதை வேறு. அங்கே எத்தனால் ஆலைகள் அருகிலேயே இருப்பதால், மாவுச்சத்து சாராயமாகிப் போன பின் மிஞ்சும் ஈரச் சக்கை மலிவாகக் கிடைக்கிறது. அதில் புரதம் 30 சதவீதம் அளவுக்கு உண்டு, மாவுச்சத்து மிகக் குறைவு. எனவே அமில அபாயமும் குறைகிறது. ஆனால் ஆலைகளில் கந்தக அமிலம் பயன்படுத்துவதால் சக்கையில் கந்தகம் ஏறியிருக்கும். தானியம் மிகுந்த மொத்தத் தீவனத்தில் கந்தகம் 0.3 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தாண்டினால் மூளை பாதிக்கப்பட்டு மாடு கண் தெரியாமல் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்கும். கிணற்று நீரில் கந்தகம் இருந்தால் அதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும், பலரும் தவறவிடுவது இதைத்தான்.

கேள்வி: தொட்டியைப் படிப்பது என்கிறார்களே, அது என்ன? (அதே மாணவி)

ஃபீட்லாட்டின் ஆகச் சிறந்த தொழில்திறன் அதுதான். காலைத் தீவனத்துக்கு முன், தினமும் ஒரே நேரத்தில், ஒருவர் ஒவ்வொரு தீவனத் தொட்டியையும் பார்த்து 0 முதல் 4 வரை மதிப்பெண் இடுகிறார். தெற்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகம் வகுத்த இந்த அளவுகோலில் 0 என்றால் தொட்டி துடைத்தாற்போல் காலி, 1 என்றால் அடியில் ஒரு மணி உயரத்துக்கு மெல்லிய படலம், 4 என்றால் கொட்டியது கொட்டியபடி தொடாமல் கிடக்கிறது. ஒரு நாள் காலியாகக் கிடப்பதைக் கண்டவுடன் அளவை ஏற்றிவிடக் கூடாது. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து காலியாக இருந்து, வண்டி வரும்போது மாடுகளும் பசியோடு தொட்டிக்கு வந்து நின்றால் மட்டும், தலைக்குக் கால் கிலோ அளவில் ஏற்றலாம். காலித் தொட்டிக்கு முன் வெகு நேரம் பசித்து நின்ற மாடு, தீவனம் விழுந்ததும் அள்ளி விழுங்கும். அடுத்த நாள் வயிறு சரியில்லாமல் தின்னாது. மறுநாள் மீண்டும் அள்ளி விழுங்கும். இந்த ஏற்ற இறக்கம் ஒரு முறை தொடங்கிவிட்டால் நிறுத்துவது கடினம். தீவன வண்டி நேரம் தவறாமல் வருவதை, எந்தச் சேர்க்கைப் பொருளையும்விட நான் மேலாக மதிக்கிறேன்.

கேள்வி: புதிதாக வந்த மாடுகள்தாம் அதிகம் சாகின்றன என்பது உண்மையா?

உண்மை. காரணம் பெரும்பாலும் சுவாச நோய். தாயைப் பிரிந்து, சந்தையில் பல ஊர் மாடுகளோடு கலந்து, நீண்ட தூரம் வண்டியில் பட்டினியாக நின்று வந்த கன்றின் எதிர்ப்பாற்றல் தளர்ந்திருக்கும்போது, வைரஸ்கள் வழி திறக்க, மான்ஹைமியா ஹீமோலிட்டிகா முதலிய பாக்டீரியாக்கள் நுரையீரலில் இறங்குகின்றன. முதல் ஆறு வாரமே நெருக்கடியான காலம். வந்தவுடன் நல்ல நீரும் நீளமான வைக்கோலும் கொடுத்து இளைப்பாற விடுவதும், முடிந்தால் பிறந்த பண்ணையிலேயே பால் மறக்கடித்து, தடுப்பூசி போட்டு, தொட்டியில் தின்னப் பழக்கிய கன்றுகளைக் கூடுதல் விலை கொடுத்தாவது வாங்குவதும் மருந்துச் செலவைவிட மலிவு.

கேள்வி: மோனென்சின் கலந்த மாட்டுத் தீவனத்தைக் குதிரைக்குக் கொடுக்கலாமா? (ஆல்பர்ட்டா வாசகர்)

ஒருபோதும் கூடாது. மாட்டின் வயிற்றில், அதற்கு ஆற்றல் தரும் புரோபியோனிக் அமிலத்தைக் கூட்டித் தீவனத்தை மிச்சப்படுத்தும் இந்த மருந்து, குதிரையின் இதயத் தசையைச் சிதைத்துவிடும். குதிரையின் உடல் எடையில் கிலோவுக்கு 2, 3 மில்லிகிராம் அளவே உயிரைப் பறிக்கும். பட்டிகளில் நோயுற்ற மாடுகளைத் தேடிக் குதிரையில் சுற்றும் ஆட்கள் உண்டு என்பதால், அந்தக் குதிரைகளின் தீவனத்துக்குத் தனி இடமும் தனிக் கலவை இயந்திரமும் கட்டாயம் வேண்டும்.

கேள்வி: மாடுகள் வெயிலில் கூட்டமாகச் சாவது எதனால்?

2022 ஜூன் மாதம் தென்மேற்குக் கான்சாஸில் ஆயிரக்கணக்கான மாடுகள் இறந்தன. வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டியது மட்டும் காரணம் அன்று. ஈரப்பதம் கூடியது, காற்று நின்றுபோனது, இரவிலும் குளிரவில்லை. மாடு பகலில் சேர்த்த வெப்பத்தை இரவில்தான் இறக்கி வைக்கிறது. அந்த இரவு கிடைக்காவிட்டால் மறுநாள் சுமையோடு தொடங்கும். செரிமானமும் வெப்பத்தை உண்டாக்கும், அது தின்ற சில மணி நேரம் கழித்தே உச்சத்துக்கு வரும். காலையில் வயிறு நிறையத் தின்ற மாட்டுக்கு அந்த உச்சம் நண்பகலில் வந்து சேர்வதால், வெயில் காலத்தில் தீவனத்தின் பெரும்பகுதியை மாலைக்கு மாற்ற வேண்டும். கறுப்புத் தோலும், அறுக்கும் நாள் நெருங்கிய கொழுத்த உடலும் உள்ளவற்றை முதலில் கவனிக்க வேண்டும். நீர் தெளிப்பதாக இருந்தால், மூச்சிரைக்கத் தொடங்கும் முன்பே, தோல் நனையும் அளவுக்குத் தெளிக்க வேண்டும். மெல்லிய பனித்தூவல் ஈரப்பதத்தைக் கூட்டித் தீங்கே செய்யும். நிழலுக்கு நிகர் எதுவும் இல்லை. நிழல் இல்லாத பட்டியை நான் முழுமையடைந்த பட்டியாகக் கருதுவதில்லை.

கேள்வி: காதில் ஹார்மோன் வைக்கிறார்களாமே, இறைச்சியில் தங்காதா? (லண்டன் வாசகர்)

காதின் பின்புறத் தோலுக்கு அடியில் சிறு வில்லைகளாக ஈஸ்ட்ராடையால், டிரென்போலோன் போன்றவற்றை வைக்கிறார்கள்; அறுக்கும்போது காது உணவுக்குப் போவதில்லை. எடைக்கூட்டல் 15 முதல் 20 சதவீதம் வரை உயரும். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இதற்கு அனுமதி உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 1989 முதல் இத்தகைய இறைச்சியின் இறக்குமதியைத் தடுத்துள்ளது. பிரிட்டனும் அத்தடையைத் தொடர்கிறது. விதிப்படி வைத்தால் எஞ்சும் அளவு மிகச் சிறியது என்பதை நான் ஏற்கிறேன். இறைச்சியின் தரத்தைப் பொறுத்தே எனக்குத் தயக்கம்: வீரியம் மிக்க வில்லைகளை அடுத்தடுத்து வைத்தால் தசைக்குள் படரும் கொழுப்பும் மென்மையும் குறைகின்றன.

கேள்வி: பக்ரீத்துக்கு முன் கிடாக்குட்டிகளை இதே முறையில் கொழுக்க வைக்கலாமா? (திண்டுக்கல் வாசகர்)

ஆடுகளுக்கு இந்த அறிவு முழுமையாகப் பயன்படும். மாடுகளுக்கு நம் தமிழ்நாட்டில் வழி இல்லை; 1958ஆம் ஆண்டு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் பத்து வயதைக் கடந்து வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாதவற்றையும், காயத்தாலோ ஊனத்தாலோ தீராத நோயாலோ அவற்றுக்கு நிரந்தரமாக உதவாமல் போனவற்றையும்தான் சான்றிதழோடு அறுக்க அனுமதிக்கிறது.

பொங்கலுக்கு மறுநாள் மிஞ்சிய சோற்றைத் தின்று சாயும் பசுவும், ரேஷன் அரிசி மூட்டையை அவிழ்த்துத் தின்று வயிறு உப்பிச் சாகும் ஆடும், முதல் கேள்வியில் சொன்ன அதே அமில நோயால்தான் போகின்றன. ஆகவே மக்காச்சோளமும் பிண்ணாக்கும் தவிடும் கலந்த அடர்தீவனத்தை நாளுக்கு 50 கிராமில் தொடங்கி, மூன்று வாரத்தில் படிப்படியாக ஏற்றுங்கள். கடலைக்கொடி எப்போதும் தொட்டியில் இருக்கட்டும். தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே குடற்புழு நீக்கமும் துள்ளுமாரி நோய்க்கான தடுப்பூசியும் முடிந்திருக்க வேண்டும், ஏனெனில் தானியம் ஏற ஏற அந்த நோய்க்கான கிருமியும் குடலில் பெருகும். காயடித்த கிடாக்களுக்குத் தவிட்டை அதிகம் கொடுத்தால், அதிலுள்ள பாஸ்பரஸால் சிறுநீர்ப்பாதையில் கல் அடைத்துக்கொள்ளும்; கால்சியம் பாஸ்பரஸைப் போல இரு மடங்கு இருக்குமாறு சுண்ணாம்புக்கல் தூளும், நிறையத் தண்ணீர் குடிக்கும்படி உப்பும் சேருங்கள். கிடா சிறுநீருக்கு முக்கிக்கொண்டு நின்றால் பொழுது விடியும் வரை காத்திராமல் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். மேச்சேரி போன்ற நம் இனங்களில் நாளுக்கு 100 கிராம் ஏறினாலே நல்ல ஏற்றம்; எனவே பண்டிகைக்கு மூன்று மாதம் முன்பே தொடங்குவதுதான் சரி.