வன்னியில் போரால் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு வெளிநாட்டில் இருந்து எப்படி உதவலாம்?

லண்டனில் சிலர் மாதாமாதம் காசு சேர்த்து, முல்லைத்தீவுப் பக்கம் இருபது குடும்பங்களுக்குக் கோழியும் தையல் மெசினும் கொடுக்க யோசிக்கிறோம், சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு கிளிநொச்சியில் வெளிக்கள வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இருபதை ஐந்தாக்குங்கள். அந்த ஐந்தையும் அரைகுறையில் விடாதீர்கள்.

2009 மே மாதம் போர் முடிந்தபோது கிட்டத்தட்ட மூன்று லட்சம் சனம் முகாம்களில் இருந்தது. அப்போது தறப்பாள், மா, பருப்பு, சவர்க்காரம் எது கொடுத்தாலும் உதவிதான். ஊர் திரும்பியவர்களுக்கு ஐ.நா.வின் அகதிகள் அமைப்பான யூ.என்.எச்.சி.ஆர். 25,000 ரூபா கொடுத்தது, ஆறு மாத உலர் உணவும் கிடைத்தது. செட்டிகுளம் மெனிக் பாம் முகாமை 2012 செப்டம்பரில் மூடினார்கள். நான் பார்த்த சிக்கல் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

இந்திய அரசாங்கம் காசு கொடுத்த இந்திய வீட்டுத் திட்டத்தை எடுங்கள். புது வீட்டுக்கு 5,50,000 ரூபா, வேலை நகர நகரப் பகுதி பகுதியாக வந்தது. நல்ல திட்டம், அதால்தான் பலர் கல்வீட்டில் இருக்கிறார்கள். ஆனால் சீமெந்தும் மணலும் மேசன் கூலியும் ஏறிக்கொண்டே போயின. ஆண்துணை இல்லாத வீட்டில் மண் சுமக்கவும் கூலிக்கு ஆள் பிடிக்க வேண்டும். கூரை மட்டத்துக்கு வரும்போது தோடு அடகில், கதவு யன்னலுக்கு நுண்கடன், அதாவது கிழமைக்குக் கிழமை கட்டுகிற கம்பனிச் சிறுகடன். கிழமைக்கொரு தரம் மோட்டார் சைக்கிளில் வருகிற வசூல்காரர், காசு கைக்கு வரும்வரை விறாந்தையில் குந்தியிருப்பார். பொழுதுபட்டாலும் எழும்பமாட்டார். அயலட்டை பார்க்குமே என்ற வெட்கத்தில் அந்த மனுசி இன்னொரு கம்பனியில் கடன் எடுத்து இவருக்குக் கட்டும். வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு லட்சத்துக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018இல் அரசாங்கமே இறங்க வேண்டி வந்தது.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது "என்ன தொழில் செய்வீங்கள்?" என்று அல்ல. "கடன் எவ்வளவு, அடகில் என்ன இருக்கு?" என்று கேளுங்கள். அதை அடைக்காமல் கொடுக்கிற கோழி, வசூல்காரருக்குக் கொடுத்த கோழி.

கோழிதான் என்றால் கணக்கைச் சரியாகப் போடுங்கள். குஞ்சு முட்டையிட ஐந்து மாதம் செல்லும், அதுவரை தீன் யார் வாங்குவது? கூட்டுக்கு அடிவரை கம்பிவலை அடிக்காவிட்டால் கீரி ஒரே இரவில் முடித்துவிடும். தையல் மெசினை ஒரே ஒழுங்கையில் பத்துப் பேருக்குக் கொடுத்ததைக் கண்டிருக்கிறேன். யாருடைய சட்டையை யார் தைப்பது?

தோட்டம் செய்கிற குடும்பம் என்றால் கிணற்றை ஆழமாக்கிக் கொடுப்பது, தண்ணீர் இறைக்கிற மெசின் வாங்கிக் கொடுப்பது இரண்டும் பலன் தரும். அதற்கு முன் காணிப் பத்திரம் யார் பெயரில் என்று பாருங்கள். காணாமல் ஆக்கப்பட்ட கணவன் பெயரில் இருந்தால் மனைவி ஒரு கையெழுத்துக்காக எத்தனையோ தரம் கந்தோருக்கு அலைய வேண்டும். அந்த அலைச்சலுக்குப் பஸ் காசு கொடுப்பதும் உதவிதான், யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

காசை அவரவர் வங்கிக் கணக்கிலேயே போடுங்கள். ஆட்களைத் தெரிவு செய்ய மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திடமும் கிராம அலுவலரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள், இரண்டு பட்டியலும் ஒன்றாக இராது. பதாகை கட்டிப் படம் எடுப்பதைத் தயவுசெய்து விடுங்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அந்தப் படத்தில் நிற்கிறார்கள்.

எந்தப் பிரதேச செயலர் பிரிவு என்று கருத்தில் எழுதினால், அங்கே முதலில் எந்தச் சங்கத்தைக் கேட்கலாம் என்று சொல்கிறேன்.