சர்க்கரை நோயுள்ள வீட்டில் இத்தாலியக் கோழி விருந்து: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் வந்துள்ள கேள்விகளில் பெரும்பாலானவை கோழியைக் குறித்து அஞ்சுகின்றன. தோல் நீக்கிய கோழிக்கறியில் மாவுச்சத்து இல்லையென்றே சொல்லலாம். 100 கிராம் நெஞ்சுக்கறியில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் இருக்கிறது. கவனம் செல்ல வேண்டியது அதனுடன் தட்டில் வந்து சேரும் பாஸ்தா, ரொட்டி, பாட்டில் சாஸ், கிரீம் ஆகியவற்றின் மீதுதான்.

என் கணவருக்கு எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை இருக்கிறது. மகளின் பிறந்தநாளுக்கு இத்தாலிய உணவு கேட்கிறாள். அவருக்கென்று தனியே சமைக்காமல் எல்லோரும் உண்ணும்படி எதைச் செய்யலாம்? (வாசகி, முத்தியால்பேட்டை)

தனியே சமைக்க வேண்டாம் என்று நீங்கள் நினைப்பதே சரி. வீட்டில் ஒருவருக்கு மட்டும் வேறு தட்டு வைத்தால், அவர் இரண்டு வாரம் பொறுத்துக்கொண்டு மூன்றாம் வாரம் மற்றவர் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடத் தொடங்கிவிடுவார் என்பதை ஆலோசனைக்கு வரும் குடும்பங்களில் மீண்டும் மீண்டும் பார்க்கிறேன்.

உங்களுக்கு ஏற்றது ‘காச்சத்தோரா’ என்னும் கோழிக் குழம்பு. வேட்டைக்காரர் முறையில் சமைத்தது என்பது அந்தப் பெயரின் பொருள். மைதா தோய்த்துப் பொரிப்பதோ கிரீம் ஊற்றுவதோ இதில் இல்லை. தக்காளி, வெங்காயம், பூண்டு, இலைகள் ஆகியவையே இதன் சுவை. நான்கு பேருக்கு எலும்புடன் 750 கிராம் கோழி போதும். நெஞ்சுப் பகுதி சீக்கிரம் வறண்டுவிடும் என்பதால் தோல் உரித்த தொடைத் துண்டுகளாகவே கேட்டு வாங்குங்கள். மிளகுத்தூளும் அரைத் தேக்கரண்டி உப்பும் தடவி, அடிகனமான சட்டியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயைக் காயவைத்து, துண்டுகளை நெருக்காமல் அடுக்கி, நான்கைந்து நிமிடம் கரண்டியால் தொடாமல் விடுங்கள். புரட்டும்போது ஒட்டிக்கொள்ளும் துண்டு இன்னும் சிவக்கவில்லை என்று பொருள். நன்றாகச் சிவந்த துண்டு தானாகவே சட்டியை விட்டு எழும்பும்.

இருபுறமும் சிவந்த கோழியை எடுத்து வைத்துவிட்டு, அதே சட்டியில் இரண்டு வெங்காயம், ஆறு பல் பூண்டு, ஒரு குடைமிளகாய், கிடைத்தால் காளான் ஆகியவற்றை வதக்குங்கள். சட்டியின் அடியில் பிடித்திருக்கும் பழுப்பில்தான் குழம்பின் ருசி இருக்கிறது. இத்தாலியர் அந்த இடத்தில் ஒயின் ஊற்றுவார்கள். நீங்கள் ஒரு மேசைக்கரண்டி வினிகரை அரைக் கோப்பை நீரில் கலந்து ஊற்றி, மரக்கரண்டியால் சுரண்டிவிடுங்கள். பிறகு அரை கிலோ நாட்டுத் தக்காளியை நறுக்கிப் போட்டு, கோழியைத் திரும்பச் சேர்த்து, மூடி, சிறு தீயில் முப்பது முதல் முப்பத்தைந்து நிமிடம் வேகவிடுங்கள். எலும்பை ஒட்டிய சதை குத்தினால் விலக வேண்டும், வடியும் சாறு தெளிவாக இருக்க வேண்டும். வெப்பமானி இருந்தால் சதையின் நடுவில் 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். நாட்டுக்கோழியானால் இந்த நேரம் போதாது, ஏறக்குறைய இரு மடங்கு ஆகும்.

பாஸ்தாவை அறவே விட்டுவிட வேண்டுமா? கோதுமை பாஸ்தா என்று எழுதியிருப்பதை வாங்கலாமா? (வாசகர், லாஸ்பேட்டை)

விட வேண்டியதில்லை, அளக்க வேண்டும். 50 கிராம் உலர்ந்த பாஸ்தாவில் ஏறத்தாழ 37 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அதே எடை அரிசியிலும் அளவு கிட்டத்தட்ட இதுதான். ஆனால் டூரம் என்னும் கடின வகைக் கோதுமையின் ரவையில் செய்த பாஸ்தா, அதன் இறுக்கமான புரதப் பின்னலால் மெதுவாகச் செரிக்கிறது; அந்த நன்மை குழைய வேகவைத்தால் குறைந்துவிடும். உறையில் குறித்த நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே ஒரு துண்டை எடுத்துக் கடித்துப் பாருங்கள். கடித்த இடத்தின் நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி தெரியும். அது மறையும் தறுவாயில் வடித்துவிட வேண்டும். நம் வீடுகளில் சோறு குழைந்தால்தான் வெந்தது என்று நினைக்கும் பழக்கம் பாஸ்தாவுக்கும் தொற்றிவிடுகிறது. உறையின் முன்பக்கத்துப் படத்தையும் பெயரையும் நம்பாமல், பின்பக்கப் பட்டியலில் முதலில் இருப்பது டூரம் கோதுமை ரவையா, முழுக்கோதுமையா, மைதாவா என்று பாருங்கள்.

இத்தாலியில் பாஸ்தாவும் கோழியும் ஒரே தட்டில் கலந்து வருவது வழக்கமல்ல. பாஸ்தா முதலில் தனியாக வரும்; கறி பின்னர் காய்களுடன் வரும். சர்க்கரை உள்ளவர்கள் அந்த வரிசையைத் திருப்பிப் போடுவது நல்லது. காயையும் கோழியையும் முதலில் உண்டு, பாஸ்தாவைக் கடைசியில் உண்டால், உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையின் உச்சம் தாழ்கிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒன்பது அங்குலத் தட்டில் பாதி வதக்கிய பீன்ஸ், சுரைக்காய், கத்தரிக்காய் போன்ற காய்களாகவும், கால் பங்கு கோழியாகவும், மீதிக் கால் பங்கு பாஸ்தாவாகவும் இருக்கட்டும்.

பேசிலும் ஓரிகனோவும் இங்கே எளிதில் கிடைப்பதில்லை. துளசியைப் போடலாமா? (வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்)

துளசி வேண்டாம், அதன் காரமான கிராம்பு மணம் தக்காளியை அமுக்கிவிடும். நம் ஊரில் திருநீற்றுப்பச்சிலை என்கிறோமே, சப்ஜா விதை தரும் அந்தச் செடிதான் இத்தாலியரின் பேசிலுக்கும் இனம். மணத்தில் வகைக்கு வகை வேறுபாடு உண்டு என்பதால், முதலில் நான்கு இலையைக் கிள்ளி, அடுப்பை அணைத்த பிறகு போட்டுப் பாருங்கள். ஓரிகனோவுக்குப் பதிலாகக் கற்பூரவல்லி இலை ஒன்றே ஒன்றைப் பொடியாக நறுக்கிச் சேர்க்கலாம். சளிக்குக் கஷாயம் வைக்கும் அளவில் போட்டால் குழம்பு மருந்தாகிவிடும். இலைகளின் மணம் கூடினால் உப்பு குறையும் என்பதும் ஒரு நன்மை. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சர்க்கரையுடன் ரத்தக் கொதிப்பும் இருப்பவர்கள் இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும்.

புதுச்சேரியில் இருந்துகொண்டு பிரெஞ்சு ரொட்டி இல்லாமல் எப்படி? (வாசகர், வைத்திக்குப்பம்)

சாப்பிடலாம், ஆனால் பாஸ்தாவுடன் சேர்த்து அல்ல. ஒவ்வொன்றும் 30 கிராம் எடையுள்ள இரண்டு துண்டு ரொட்டியில் ஏறத்தாழ 30 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அது 40 கிராம் பாஸ்தாவுக்குச் சமம். காச்சத்தோராவின் சாற்றைத் தொட்டு உண்ண ரொட்டி மிகவும் பொருத்தமானது என்பதால், அன்று பாஸ்தாவை விட்டுவிடுங்கள்.

தக்காளி சாஸ் பாட்டிலை ஊற்றிச் செய்தால் என்ன? (வாசகி, நெல்லிக்குப்பம்)

கெட்சப் வேண்டாம். 100 கிராம் கெட்சப்பில் 20 கிராமுக்கு மேல் சர்க்கரை இருப்பது சாதாரணம். தக்காளி மிகவும் புளித்தால் ஒரு சிறு கேரட்டைத் துருவி வதக்கிச் சேருங்கள், புளிப்பு அடங்கிவிடும்.

கிரீம் சாஸில் கோழி சாப்பிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 150தான் இருந்தது. மறுநாள் காலையில் 210. மீட்டர் கெட்டுவிட்டதா? (வாசகர், வில்லியனூர்)

மீட்டர் சரியாகவே இருக்கக்கூடும். கொழுப்பு மிகுந்த உணவு இரைப்பையை விட்டு மெதுவாகவே வெளியேறும். கூடவே உண்ட மாவுச்சத்து இரண்டு மணி நேரத்தில் தெரியாமல், நான்கு ஐந்து மணி நேரம் கழித்து, நீங்கள் உறங்கும்போது ஏறும். அடுத்த முறை முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரத்தில் ஒருமுறையும், நான்கு மணி நேரத்தில் ஒருமுறையும் பார்த்து எழுதி வைத்து, மருத்துவரிடம் காட்டுங்கள். இரவு உணவை ஏழரை மணிக்குள் முடித்தால்தான் இது இயலும். கிரீமுக்குப் பதில் பண்ருட்டி முந்திரியை அரைத்து ஊற்றலாம் என்று சிலர் சொல்கிறார்கள். கொழுப்பின் தன்மை அதில் நல்லதுதான். ஆனால் ஒருவருக்குப் பத்துப் பருப்புக்கு மேல் போனால் எடை குறைக்க வேண்டியவர்களுக்கு அது உதவாது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், பயந்துபோய் மாவுச்சத்தை முழுவதும் நிறுத்திக் கோழியை மட்டும் உண்டு படுத்தால் நள்ளிரவில் சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும். உணவுடன் ஒயின் அருந்தினால் அந்த ஆபத்து கூடும். ஆகவே வழக்கமான மாவுச்சத்தின் அளவைப் பெரிதாக மாற்றுவதற்கு முன் மருந்தின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் அம்மாவுக்குச் சர்க்கரையுடன் சிறுநீரகப் பாதிப்பும் இருக்கிறது. அவரும் இதை உண்ணலாமா? (வாசகி, திருப்பாதிரிப்புலியூர்)

மேலே சொன்ன அளவுகளை அவருக்கு அப்படியே வைக்காதீர்கள். புரதமும், தக்காளியில் உள்ள பொட்டாசியமும், சீஸில் உள்ள உப்பும் பாஸ்பரஸும் அவருடைய ரத்தப் பரிசோதனையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டியவை. அண்மையில் எடுத்த கிரியாட்டினின், பொட்டாசியம் அறிக்கைகளுடன் சிறுநீரக மருத்துவரைப் பார்த்து, ஒரு வேளைக்கு எத்தனை கிராம் கறி என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அதுவரை அவருக்கு ஒரு சிறு துண்டு கோழியை எலுமிச்சைச் சாறு, பூண்டு, மிளகுடன் தக்காளியும் உப்பும் இல்லாமல் வாட்டிக் கொடுக்கலாம். இத்தாலிய வீடுகளிலும் எலுமிச்சைக் கோழி வழக்கமான சமையல்தான்.