புழுவெட்டுக்குக் கோதுமையை நிறுத்தினால் முடி வளருமா?

கேள்வி: கடலூரில் இருக்கிறேன். தலையில் இரண்டு இடங்களில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வட்டமாக முடி உதிர்ந்துவிட்டது. புழுவெட்டு என்கிறார் மருத்துவர். கோதுமை, மைதாவை விட்டுவிட்டு அழற்சியைத் தணிக்கும் உணவுக்கு மாறினால் பலன் இருக்குமா?

சிலருக்கு இருக்கும். ஆனால் தயவுசெய்து நாளைக்கே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். முதலில் ரத்தப் பரிசோதனை, அதன் பிறகுதான் உணவு மாற்றம். இந்த வரிசையைத் தப்பவிட்டால் பின்னால் உண்மையைக் கண்டுபிடிப்பது கடினம்.

பெயரில் புழு இருந்தாலும் தலையில் எந்தப் புழுவும் இல்லை. நம் நோய் எதிர்ப்பு அணுக்களே முடியின் வேர்க்காலைத் தாக்குகின்றன. வேர்க்கால் சாவதில்லை, அதனால்தான் முடி திரும்பி வர வாய்ப்பு இருக்கிறது. பச்சைப் பூண்டையோ குன்றிமணியையோ அரைத்துத் தேய்த்தால் தோல் வெந்து புண்ணாகும். குன்றிமணி கொடிய விஷம், புண் வழியாக உள்ளே போனால் ஆபத்து.

கோதுமைப் பேச்சு எங்கிருந்து வந்தது? சீலியாக் என்றொரு குடல் நோய் உண்டு. கோதுமை, பார்லியில் உள்ள க்ளூட்டன் என்ற புரதம் பட்டதும் சிறுகுடலின் உட்சுவர் தேய்ந்துபோகும். 1995-ல் இத்தாலிய மருத்துவர்கள் புழுவெட்டு உள்ளவர்களைப் பரிசோதித்தபோது ஏறக்குறைய 85 பேரில் ஒருவருக்கு இந்த நோய் மறைந்திருந்தது. அப்படிப்பட்ட சிலருக்குக் க்ளூட்டனை விட்டதும் முடி வளர்ந்திருக்கிறது. சீலியாக் இல்லாதவருக்கும் அப்படி வளரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

எனவே டிடிஜி ஐஜிஏ (சீலியாக்கைக் காட்டிக்கொடுக்கும் எதிர்ப்புரதம்), மொத்த ஐஜிஏ (அந்த வகை எதிர்ப்புரதம் ரத்தத்தில் மொத்தம் எவ்வளவு) ஆகிய இரண்டு ரத்தப் பரிசோதனைகளையும் சேர்த்துப் பாருங்கள். மொத்த ஐஜிஏ இயல்பிலேயே குறைவாக உள்ளவருக்கு நோய் இருந்தாலும் முதல் பரிசோதனை 'இல்லை' என்றே காட்டக்கூடும். கோதுமையை விட்டிருந்தாலும் அப்படித்தான். ஏற்கெனவே நிறுத்தியிருந்தால், தினமும் ஒன்றுக்கு மேற்பட்ட வேளை கோதுமை சேர்த்து ஆறு வாரம் சாப்பிட்டுவிட்டு ரத்தம் கொடுங்கள். கூடவே தைராய்டு (டிஎஸ்எச்), ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பு), வைட்டமின் டி, பி12 பரிசோதனைகளையும் செய்யுங்கள். முடிக்காகப் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை போடுபவர்கள் இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். அது தைராய்டு முடிவைத் திரித்துக் காட்டும்.

டிடிஜி அதிகமாக இருந்தால் குடல் மருத்துவர் எண்டோஸ்கோப்பி (வாய் வழியாகக் குழாய் விட்டுச் சிறுகுடலைப் பார்ப்பது) செய்து உறுதிப்படுத்துவார். அதுவரை கோதுமை தொடரட்டும். உறுதியானால் வாழ்நாள் முழுக்க விலக்கு. சீலியாக் இல்லையென்றால், விரும்பினால் 12 வாரம் மட்டும் கோதுமையை விட்டுச் சோதித்துப் பார்க்கலாம்.

அரிசிச் சோறு தின்னும் நமக்கு இது சிரமமில்லை. இட்லி, தோசை, இடியாப்பம், கம்பங்கூழ், கேழ்வரகு அடை, தினை, சாமை எல்லாம் இயல்பிலேயே க்ளூட்டன் இல்லாதவை. ஒளிந்திருக்கும் கோதுமைதான் சிக்கல். கட்டிப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும், ஓட்டல் சாம்பாரில் அதுதான் விழும். வீட்டுக்குப் பால் பெருங்காயம் வாங்குங்கள், அல்லது அரிசி மாவு கலந்ததா என்று உறையைப் பாருங்கள். ரவா தோசை, சேமியா, மால்ட் (முளைகட்டிய பார்லி) கலந்த சத்து பானம், சோயா சாஸ் எல்லாம் விலக்கு. புதுச்சேரி பேக்கரிகளின் பிரெஞ்சு ரொட்டியும்தான். பரோட்டா போடும் கல்லிலேயே வார்க்கும் தோசையிலும் மைதா ஒட்டும். மாவு மில்லில் கோதுமைக்கு அடுத்து உங்கள் கேழ்வரகு அரைபட்டால் அதிலும் கலந்துவிடும். சீலியாக் உறுதியானவர்கள் வீட்டு மிக்ஸியில் அரைப்பது நல்லது. பாக்கெட்டில் 'க்ளூட்டன் இல்லாதது' என்று அச்சிட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி.

அழற்சியைத் தணிக்கும் உணவுக்கு வெளிநாட்டு விதைகளைத் தேட வேண்டாம். முதுநகர் துறைமுகத்தில் இறங்கும் மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலியில் ஒமேகா-3 கொழுப்பு நிறைய உண்டு. வாரம் இரண்டு மூன்று முறை குழம்பாக வைத்துச் சாப்பிடுங்கள், எண்ணெயில் முறுகப் பொரிக்காதீர்கள். சைவமென்றால் பயறு, கொண்டைக்கடலைச் சுண்டல், பண்ருட்டி முந்திரி ஒரு கைப்பிடி. முருங்கைக்கீரையோடு எலுமிச்சை சேர்த்தால் இரும்புச் சத்து நன்றாக ஏறும். சாப்பாட்டோடு டீ குடித்தால் அது சரியாக ஏறாது, ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

பலரும் கெடுவது இங்கேதான்: கோதுமையோடு பால், முட்டை, பருப்பு என எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டிவிடுகிறார்கள். புரதம் குறைந்து எடை சடசடவென இறங்கினால், இரண்டு மூன்று மாதத்தில் தலை முழுக்கப் பரவலாக முடி கொட்டும். அது பட்டினியால் வரும் வேறு உதிர்வு. 60 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம். சர்க்கரைக்காக இரவில் சப்பாத்தி சாப்பிடுபவர்கள் அதற்குப் பதில் இட்லிக்கு மாறினால் சர்க்கரை ஏறக்கூடும். கேழ்வரகு அடையும் சுண்டலும் கொஞ்சம் பரவாயில்லை, மாறிய முதல் வாரங்களில் சர்க்கரையை அளந்து பாருங்கள்.

12 வாரம் எதற்கு? முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். மாதம் ஒருமுறை அதே வெளிச்சத்தில், பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். முதலில் வருவது வெள்ளை முடியாக இருக்கலாம், பயப்படாதீர்கள். ஒன்றிரண்டு வட்டம் மட்டும் உள்ளவர்களில் பலருக்கு ஒரு வருடத்துக்குள் தானாகவே வளர்ந்துவிடும், ஆகவே முடி வந்தது உணவால்தான் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம்.

இதற்காக மருத்துவத்தைத் தள்ளிப்போடவும் கூடாது. சிறு வட்டங்களுக்கு 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியை வட்டத்துக்குள்ளேயே போடுவார்கள். புருவமோ இமையோ உதிர ஆரம்பித்தாலும், காதைச் சுற்றிப் பிடரி வரை பட்டையாகப் பரவினாலும் 12 வாரம் காத்திருக்காதீர்கள். அந்த வாரமே புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்கோ அருகிலுள்ள தோல் மருத்துவரிடமோ போங்கள், ரத்தப் பரிசோதனைத் தாள்களையும் படங்களையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.