ஹட்டன் தங்கச்சியின் கேள்வி: வணிக நிர்வாகமா, கணக்கியலா?

ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். உயர்தரம் வணிகப் பிரிவு, தமிழ் மொழிமூலம், நல்ல பெறுபேறு. இங்கிலாந்தில் இரண்டு பல்கலைக்கழகங்கள் இடம் தந்திருக்கின்றன. ஒன்றில் வணிக நிர்வாகம், மற்றதில் கணக்கியலும் நிதியும். முதலாவதில் கட்டணம் கொஞ்சம் குறைவு. “ரெண்டும் பிசினஸ் டிகிரிதான், எதைப் படிச்சாலும் பிறகு ஏ.சி.சி.ஏ. செய்யலாம்னு ஏஜென்ட் சொல்றார். அப்பாவோட ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) காசைக் காட்டி விசா எடுக்கலாமா? அங்க வந்து பார்ட் டைம் வேலை செஞ்சா வாடகை, சாப்பாடு சமாளிக்கலாமா?”

தங்கச்சி, ஏஜென்ட் பொய் சொல்லவில்லை. காசும் காலமும் போகிற பகுதியை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறார்.

ஏ.சி.சி.ஏ. என்பது கணக்காளர்களுக்கான பிரித்தானியத் தொழில்சார் தகுதி. அதில் இப்போது 13 பாடங்கள். முதல் ஒன்பதுக்கும் பட்டத்தை வைத்து விலக்கு, அதாவது எழுதாமலே விட அனுமதி, கேட்கலாம். கடைசி நான்கை எல்லோரும் எழுதித்தான் ஆக வேண்டும். நல்ல அங்கீகாரம் பெற்ற கணக்கியல் பட்டம் என்றால் ஒன்பதும் கிடைக்கலாம், அல்லது ஏழு எட்டாவது கிடைக்கும். பொதுவான வணிக நிர்வாகப் பட்டத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒன்றிரண்டு, அதுவும் ஆரம்பப் பாடங்களில். ஒன்பதில் மிச்ச ஏழெட்டுப் பாடங்களைப் பட்டம் முடித்த பிறகு, வேலைக்கும் போய்க்கொண்டு, இரவில் படித்து எழுத வேண்டும். ஆரம்பப் பாடங்கள் மூன்றையும் சட்டப் பாடத்தையும் விரும்பிய நாளில் கணினியில் எழுதலாம். மற்றவற்றுக்கு மார்ச், ஜூன், செப்டெம்பர், டிசம்பர் என்று ஆண்டுக்கு நான்கு தவணைதான். வேலையில் இருப்பவர் ஒரு தவணைக்கு ஒரு பாடம் எழுதுவதே வழக்கம், இரண்டு எழுதினால் கெட்டிக்காரர். கட்டணத்தில் மிச்சம் பிடித்த காசு ஒன்றரை இரண்டு ஆண்டுக் காலமாகவும் பரீட்சைக் கட்டணமாகவும் திரும்பிப் போய்விடும்.

ஆகவே பட்டத்தின் பெயரை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் பாடப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு பல்கலைக்கழகத்துக்கும் மின்னஞ்சல் போட்டால் அனுப்புவார்கள். நிதிக் கணக்கியல், முகாமைக் கணக்கியல், வணிகச் சட்டம், வரி, கணக்காய்வு, நிறுவன நிதி ஆகிய ஆறும் எந்த ஆண்டில் வருகின்றன, கட்டாயமா விருப்பமா என்று பாருங்கள். பல இடங்களில் வரியும் கணக்காய்வும் மூன்றாம் ஆண்டு விருப்பப் பாடங்கள். கஷ்டம் என்று அவற்றைத் தவிர்த்து, புள்ளி எடுக்க லேசு என்று சந்தைப்படுத்தலை எடுப்பவர்கள் உண்டு. பட்டச் சான்றிதழில் ‘கணக்கியல்’ என்றே இருக்கும், ஆனால் இரண்டு விலக்கு போய்விடும். ஏ.சி.சி.ஏ. இணையதளத்தில் விலக்குக் கணிப்பான் இருக்கிறது. நாடு, பல்கலைக்கழகம், பட்டம், முடிக்கும் ஆண்டு கொடுத்தால் பட்டியல் வரும். ஆண்டைக் கவனமாகக் கொடுங்கள், அங்கீகாரம் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கென்றுதான் தரப்படுகிறது. விலக்கும் இலவசம் இல்லை, ஒவ்வொரு பாடத்துக்கும் கட்டணம் உண்டு.

என் கருத்து இது: கணக்காளராகப் போகிற எண்ணம் இருந்தால் கணக்கியலும் நிதியும் எடுங்கள். விற்பனை, மனிதவளம், விநியோகம், சொந்தத் தொழில் என்று மனம் போனால் வணிக நிர்வாகம் தவறே இல்லை. எதை எடுத்தாலும், இடையில் ஓராண்டு வேலைப்பயிற்சியோடு வரும் நான்காண்டு வடிவம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். அந்த ஆண்டில் முழுநேரமாகச் சம்பளத்துக்கு வேலை செய்யலாம், கல்விக் கட்டணமும் பெரும்பாலும் மிகக் குறைவு. ஏ.சி.சி.ஏ. கேட்கும் 36 மாத அனுபவத்தில், பொருத்தமான வேலையாக இருந்தால் அதையும் சேர்த்துக் காட்டலாம். ஆரம்பத்திலேயே அந்த வடிவத்துக்குப் பதிந்துகொள்வது நல்லது. பிறகு மாறினால் விசாவிலும் கைவைக்க வேண்டி வரும்.

ஊருக்குத் திரும்பும் எண்ணமும் இருந்தால் இன்னொன்று. இலங்கையில் பட்டியலிடப்பட்ட கம்பனியின் கணக்காய்வு அறிக்கையில் கையொப்பமிட, 1959ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் உறுப்புரிமை வேண்டும். ஏ.சி.சி.ஏ.யோடு கம்பனி வேலைக்குப் போகலாம், கணக்காய்வு நிறுவனம் நடத்த அது மட்டும் போதாது.

தமிழ் மொழிமூலம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் முதல் பருவத்தில் உங்களை ஆட்டப்போவது அதுதான். கணக்கு வரும். பேரேடு, பரீட்சை மீதி, அட்டுறு, பெறுமானத் தேய்வு எல்லாம் நீங்கள் கரைத்துக் குடித்தவை. இலங்கையில் 2012 முதல் சர்வதேச நியமங்களோடு ஒத்த நியமங்கள்தான் நடைமுறையில் இருக்கின்றன, இலக்கங்கள்கூட அதேதான். பள்ளியில் படித்த இலங்கைக் கணக்கீட்டு நியமம் 16 (ஆதனம், பொறி, உபகரணம்) இங்கே இங்கிலாந்திலும் 16தான். சறுக்குவது எழுத்தில். சட்டப் பிரச்சினை ஒன்றுக்குத் தீர்வு எழுது, கணக்காய்வு ஆபத்துகளைக் காரணத்தோடு விளக்கு, 2,000 சொல்லில் கட்டுரை எழுதி மேற்கோள் காட்டு என்று வரும்போது கணக்கில் ஏ எடுத்தவர்களும் முழிக்கிறார்கள்.

இதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. உயர்தரக் கணக்கீட்டு வினாத்தாள் மூன்று மொழியிலும் வெளியாகிறது. நீங்கள் தமிழில் செய்து முடித்த பழைய தாள்களையே ஆங்கிலத்தில் எடுத்து, புள்ளியிடும் திட்டத்தையும் ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு திரும்பச் செய்யுங்கள். விடை ஏற்கெனவே தெரியும் என்பதால் மனம் முழுவதும் மொழியில் நிற்கும். பத்து ஆண்டுத் தாள் முடித்தால் முதலாண்டுப் பாடநூல் பயமுறுத்தாது.

அடுத்தது, உங்கள் ஊர்க் கணக்கையே படியுங்கள். கொழும்புப் பங்குச் சந்தையின் இணையதளத்தில் பெருந்தோட்டக் கம்பனிகளின் ஆண்டறிக்கைகள் இலவசமாகக் கிடக்கின்றன. முன்பக்கத்துப் படங்களை விட்டுவிட்டு பின்னாலுள்ள குறிப்புகளுக்குப் போங்கள். 2016இல் அமுலுக்கு வந்த திருத்தத்தின்படி தேயிலைச் செடி நியமம் 16இன் கீழ் வருகிறது: பயன் தரும் வரை செலவை மூலதனமாக்கி, பிறகு பெறுமானத் தேய்வு செய்ய வேண்டும். செடியில் நிற்கும் கொழுந்து மட்டும் விவசாயத்துக்கான நியமம் 41இன் கீழ், விற்பனைச் செலவு கழித்த நியாயப் பெறுமதியில். ஒரே செடி இரண்டு நியமத்தில் நிற்பது ஏன் என்று உங்களால் இரண்டு பந்தியில் ஆங்கிலத்தில் எழுத முடிந்தால், நிதி அறிக்கையிடல் பாடத்தின் ஒரு நல்ல வினாவுக்கு நீங்கள் தயார்.

அதே அறிக்கையில் பணிக்கொடைக் குறிப்பைத் தேடுங்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்தாண்டு அல்லது அதற்கு மேல் வேலை செய்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு, வேலை செய்த ஆண்டொன்றுக்கு 14 நாள் சம்பளம். கணக்கிடுவது கடைசிச் சம்பளத்தில். அதனால் நாட்சம்பளம் கூடினால், இனி வரும் ஆண்டுகளுக்கு மட்டுமில்லை, கடந்த இருபது முப்பது ஆண்டுச் சேவைக்கும் கம்பனியின் பொறுப்பு ஒரே அடியாக ஏறும். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பேசுகிற சம்பளப் பேச்சு ஐந்தொகையில் எங்கே போய் விழுகிறது என்று அங்கே தெரியும். கழிவு வீதத்தையோ (எதிர்காலப் பொறுப்பை இன்றைய பெறுமதிக்குக் கொண்டுவரும் வீதம்) சம்பள வளர்ச்சி வீதத்தையோ ஒரு சதவீதம் மாற்றினால் பொறுப்பு எவ்வளவு மாறும் என்ற அட்டவணையும் பக்கத்திலேயே இருக்கும்.

முகாமைக் கணக்கியலுக்கும் தொழிற்சாலை போதும். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்தில் ஒரு கிலோ தேயிலை. மீதி பெரும்பாலும் ஆவியாகிப் போகும் நீர். செய்முறைக் கிரயத்தில் இது சாதாரண இழப்பு, அதன் செலவு நல்ல வெளியீட்டின் மீது ஏறும். அரைப்பேர் (கொழுந்து குறைந்தால் தரும் அரைநாள் சம்பளம்), மேலதிகக் கிலோவுக்கான கொடுப்பனவு, இரண்டும் கூலி முரண்கணக்கில் (திட்டமிட்ட கூலிக்கும் உண்மைக் கூலிக்கும் உள்ள வித்தியாசம்) எங்கே வரும் என்று யோசித்துப் பாருங்கள். லண்டன் மாணவருக்கு இதெல்லாம் புத்தகத்து உதாரணம். உங்களுக்கு வீட்டுப் பேச்சு.

புள்ளி முறை பற்றி ஒரு வார்த்தை. இங்கே 40 தேர்ச்சி, 60 நல்லது, 70 முதல் வகுப்பு. உயர்தரத்தில் 75க்கு ஏ வாங்கிப் பழகியவர்கள் 64ஐப் பார்த்து அழுகிறார்கள், அழத் தேவையில்லை. முதலாண்டுப் புள்ளி பல இடங்களில் இறுதி வகுப்பில் சேராது, ஆனால் இரண்டாமாண்டு பயிற்சி வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கேட்பார்கள். தவறிய பாடத்தைத் திரும்ப எழுதினால் பெரும்பாலும் 40க்கு மேல் தர மாட்டார்கள்.

இனிக் காசு. ஈ.பி.எப். மீதிக் கூற்றைக் காட்ட முடியாது. எடுக்க முடியாத காசு காசாகக் கணக்கில் வராது. அப்பா அதைச் சட்டப்படி எடுத்து வங்கியில் போட்டிருந்தால் அது வேறு கதை. நகை மதிப்பீடு, காணி உறுதி, மேலதிகப்பற்று எதுவும் செல்லாது. காசு உங்கள் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ இருக்க வேண்டும். மாமா, அண்ணன் கணக்கு ஏற்கப்படாது. அங்கீகாரம் பெற்ற வங்கி உங்கள் பெயரில் தரும் கல்விக் கடனும் சரி.

முதலாண்டுக் கட்டணத்தில் செலுத்தாத மிச்சத்தோடு, ஒன்பது மாத வாழ்க்கைச் செலவையும் காட்ட வேண்டும். 2025 நவம்பரிலிருந்து லண்டனுக்கு மாதம் 1,529 பவுண், வெளியே 1,171. ஒன்பது மாதத்துக்கு லண்டனில் 13,761, வெளியே 10,539. அந்தத் தொகைக்குக் கீழே ஒரு நாளும் இறங்காமல் 28 நாள் தொடர்ந்து இருக்க வேண்டும், கடைசி நாள் விண்ணப்பத்துக்கு 31 நாளுக்குள் இருக்க வேண்டும். இருபதாம் நாள் அவசரத்துக்கு ஐயாயிரம் ரூபாய் எடுத்து மீதி அந்தத் தொகைக்குக் கீழே இறங்கினால், மறுநாள் திரும்பப் போட்டாலும் எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்கும். ரூபாய்க் கணக்கு என்பதால் நாணயமாற்று ஆடும், ஐந்தாறு சதவீதம் கூடுதலாகவே வையுங்கள். சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண். விசாக் காலம் முழுவதுக்கும் விண்ணப்பிக்கும்போதே ஒரே தடவையில் கட்ட வேண்டும். பலருடைய கணக்கில் விட்டுப்போவது இதுதான்.

பெற்றோர் கணக்கைக் காட்டுவதானால் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். தோட்டப் பக்கத்தில் இங்கேதான் சிக்கல். பிறப்புச் சான்றிதழில் சிங்களத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒன்று, பரீட்சைச் சான்றிதழில் இன்னொன்று, அப்பாவின் பெயர் வங்கிப் புத்தகத்தில் வேறொன்று. இப்போதே நாலையும் மேசையில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பிழை இருந்தால் பிரதேச செயலகத்திலுள்ள பதிவாளர் பிரிவில் திருத்த விண்ணப்பியுங்கள். அது மாதக்கணக்கில் இழுக்கலாம், பல்கலைக்கழகம் காத்திருக்காது. ஆங்கில மொழிபெயர்ப்பைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் எடுங்கள். காசநோய்ப் பரிசோதனை கொழும்பில். சான்றிதழ் ஆறு மாதம்தான் செல்லும், அதனால் மிக முந்தியும் எடுக்க வேண்டாம்.

பகுதிநேர வேலையால் கட்டணம் கட்ட முடியாது. இதில் யார் என்ன சொன்னாலும் நம்பாதீர்கள். பருவக் காலத்தில் வாரம் 20 மணித்தியாலம், திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு வாரம். இரண்டு கடையில் வேலை செய்தாலும் கூட்டுத்தொகை 20தான். 2026 ஏப்ரலிலிருந்து 18–20 வயதினருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 10.85 பவுண், 21 வயதிலிருந்து 12.71. உங்கள் வயதுக்கு வாரம் 217. அறையைப் பகிர்ந்து, சமைத்துச் சாப்பிட்டால் லண்டனுக்கு வெளியே வாடகையும் சாப்பாடும் ஓடிவிடும், அதுவும் வேலை கிடைத்த பிறகு. முதல் மூன்று மாதம் வேலையே இல்லை என்று வைத்துத் திட்டமிடுங்கள். சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் செயலி வேலைக்குப் போகவே வேண்டாம். அது சுயதொழில், மாணவர் விசாவில் தடை. முழுநேர மாணவருக்கு உள்ளூராட்சி வரி இல்லை, வீட்டில் எல்லோரும் மாணவர்களாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டத்துக்குப் பிறகு தங்கி வேலை தேடும் விசா, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிக்கும் பட்டதாரிகளுக்கு 18 மாதம். நீங்கள் இந்த செப்டெம்பரில் தொடங்கினால் உங்களுக்கும் அதுதான், ஏஜென்ட் கையேட்டில் இரண்டு ஆண்டு என்று இருந்தால் பழைய கையேடு. அதற்குப் பின் தொழில் விசாவுக்கு மாற, புதிதாக வேலைக்கு வருபவருக்குக்கூட ஆண்டுச் சம்பளம் பொதுவாக 33,400 பவுண் இருக்க வேண்டும். லண்டனுக்கு வெளியே பயிற்சிக் கணக்காளர் வேலைகள் பல இதை எட்டுவதில்லை. பெரிய நிறுவனங்களின் கோடைப் பயிற்சிக்கு இரண்டாமாண்டு தொடங்கும் செப்டெம்பர், ஒக்டோபரிலேயே விண்ணப்பம் திறக்கும், விசா ஆதரவு உண்டா என்பதை முதல் வரியிலேயே பாருங்கள். ஒன்பது விலக்கோடு வருபவர் அந்த 18 மாதத்துக்குள் கடைசி நான்கில் இரண்டையாவது முடிக்கலாம். ஒன்றிரண்டோடு வருபவர் அப்போது நிதிக் கணக்கியல் ஆரம்பப் பாடத்தை எழுதிக்கொண்டிருப்பார்.

பாடப் பட்டியல் இரண்டும் கைக்கு வந்ததும் எழுதுங்கள், எந்தப் பாடம் எந்த விலக்குக்குப் போகும் என்று சேர்ந்து குறித்துப் பார்க்கலாம். முற்பணத்தை அதற்குப் பிறகு கட்டுங்கள்.