ஏறும்போது வலிக்கவில்லை, இறங்கிய பிறகு ஏன்?

மலேசியாவின் குளுவாங்கில் நான் பிசியோ (இயன்முறை மருத்துவர்) என்று தெரிந்துவிட்டால் யாரும் நலம் விசாரிப்பதில்லை, நேராக முட்டியைக் காட்டுகிறார்கள். கோயில் அன்னதான வரிசையிலும், பாசார் மாலாம் இரவுச் சந்தையிலும், ரொட்டி சானாய்க்குக் காத்திருக்கும்போதும் கேட்ட கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கேள்விகளைச் சுருக்கிவிட்டேன், பெயர்களை எடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை லம்பாக் மலை ஏறினேன். ஏறும்போது மூச்சு வாங்கியதே தவிர கால் ஒன்றும் செய்யவில்லை. செவ்வாய்க்கிழமை மாடிப்படி இறங்க முடியாமல், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினேன். லாக்டிக் அமிலம் சேர்ந்துவிட்டது, மறுபடி ஏறினால் கரைந்துவிடும் என்கிறான் நண்பன். உண்மையா? (வயது 24)

தம்பி, பழி தப்பான ஆள் மேல் விழுந்திருக்கிறது. கடுமையாக உழைக்கும்போது தசையில் லாக்டேட் கூடுவது உண்மைதான். ஆனால் ஓய்வெடுத்து ஒரு மணி நேரம் போல ஆனால் அது பழைய அளவுக்கு வந்துவிடும். இதயமும் மற்ற தசைகளும் அதையே எரிபொருளாக எடுத்துக்கொள்ளும். ஞாயிறு காலையில் உண்டானது செவ்வாய் வரை உங்கள் தொடையில் உட்கார்ந்திருக்காது.

லம்பாக் 510 மீட்டர்தான். உங்களை மாட்டிவிட்டது ஏற்றம் இல்லை, இறக்கம். ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை பிரேக் பிடிக்கிறது, அதாவது உடல் எடையைத் தாங்கிக்கொண்டே நீள்கிறது. இப்படி இழுபட்டுக்கொண்டே பலம் காட்டும் வேலையில்தான் தசை நார்களுக்குள் நுண்ணிய சேதம் அதிகம். அதைச் சரிசெய்ய உடல் தொடங்கும் அழற்சிதான் வலியைக் கொண்டுவருகிறது. அந்த வேலை சூடுபிடிக்க நேரமாகும் என்பதால் 24 மணி முதல் 72 மணிக்குள் வலி உச்சத்தைத் தொடும். இறங்கும்போது மூச்சு அவ்வளவாக வாங்காது பாருங்கள், அதில்தான் எல்லாரும் ஏமாந்துபோகிறோம்.

நண்பர் சொன்னதில் கால்வாசி சரி. மெல்ல நடந்தால் இறுக்கம் தளரும். எண்ணெய் தடவலாம், போட்டு அமுக்க வேண்டாம். வலி போன பிறகு இரண்டு வாரத்துக்குள் அதே மலைக்கு இன்னொரு முறை போய்ப் பாருங்கள். அதே இறக்கம் இந்த அளவுக்கு வலிக்காது, ஒரு முறை அடிபட்டதிலேயே தசை பாடம் படித்திருக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சிறுநீர் தேஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் போனால் எண்ணெயும் வேண்டாம், நடையும் வேண்டாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

38 வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவினேன். விடியுமுன் எழுந்து, பெரட்டுக்குப் (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போய், 500 மரம் முடித்து, தோளில் காண்டாக் கம்பு வைத்துப் பால் சுமந்தவள் நான். அப்போது ஒரு நோயும் இல்லை. மகனோடு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்து ஏழு வருஷத்தில் இனிப்புநீர் (நீரிழிவு) வந்துவிட்டது. கிளினிக்கில் “நடங்கம்மா” என்கிறார்கள். ஆயுசுக்கும் நடந்தாகிவிட்டதே! (வயது 66)

அம்மா, உங்கள் கோபம் நியாயமானது. என் பாட்டியும் இதையேதான் சொன்னார். காண்டா தாங்கிய அவருடைய வலது தோளில் காய்த்துப்போன தோல் இருந்தது. சின்ன வயதில் அதைத் தொட்டுப் பார்ப்பேன், பழைய செருப்பின் அடிப்பக்கம் மாதிரி இருக்கும். வேலையை விட்டு இரண்டு மூன்று வருஷத்தில் அந்த இடம் மற்ற தோலைப் போலவே மெத்தென்று ஆகிவிட்டது. சுமை இல்லை, காய்ப்பு எதற்கு என்று உடம்பு அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

தசைக்கும் இதயத்துக்கும் அதே கணக்குதான். உங்கள் வேலை உங்களைக் காப்பாற்றியதா என்றால், ஆமாம். 1953இல் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் மாடிப் பேருந்துகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. ஆனால் அந்தப் பாதுகாப்பு சேமநிதி மாதிரி ஓய்வுக்குப் பிறகும் இருந்துகொண்டிருக்காது. அமெரிக்காவின் டல்லஸ் நகரில் 1966இல் ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். 30 ஆண்டு கழித்து அதே ஐவரை மறுபடி சோதித்தபோது, 30 வருஷ மூப்பைவிட அந்த மூன்று வாரப் படுக்கைதான் அவர்களுடைய உழைக்கும் திறனை அதிகம் குறைத்திருந்தது தெரிந்தது. உங்களுக்கு ஏழு வருஷ சோபா.

சரி, நடந்தால் சீனி எப்படிக் குறைகிறது? சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் ஏறும் சீனியில் பெரும்பகுதி தசைக்குள்தான் போக வேண்டும். அதற்குக் கதவைத் திறப்பது இன்சுலின். இனிப்புநீர் வந்தவர்களுக்கு அந்தச் சாவி சரியாகத் திருகாது. ஆனால் சுருங்கும் தசை, இன்சுலினைக் கேட்காமலே வேறொரு வழியாகக் கதவைத் திறந்துகொள்ளும். நடந்து முடித்த பிறகும் ஒரு நாள், சிலருக்கு இரண்டு நாள் வரை அந்தக் கதவு இலகுவாகத் திறக்கும். அதனால்தான் தொடர்ந்து இரண்டு நாள் விடாதீர்கள் என்கிறோம்.

500 மரம் வேண்டாம் அம்மா. ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் தாமான் சாலையில் 10, 15 நிமிஷம் போதும். இன்சுலின் ஊசியோ, சீனியை வேகமாக இறக்கும் மாத்திரையோ எடுத்தால் கையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். சிலிப்பர் வேண்டாம், மூடிய காலணி போடுங்கள், வீட்டுக்கு வந்ததும் பாதத்தை ஒரு முறை பாருங்கள். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். அதனால் அந்தச் சாலையில் உங்களுக்குத் துணை கிடைக்காமல் போகாது.

ஏர்கோன் ஆபீசில் வேலை. ஒரு வாரமாக மாலை 5 மணிக்குத் திடலில் ஓடுகிறேன். சீக்கிரம் இளைக்க பிளாஸ்டிக் ஜாக்கெட் போட்டுக்கொள்கிறேன். நேற்று ஓடி நின்றதும் தலை சுற்றியது. (வயது 37)

முதலில் ஜாக்கெட்டைக் கழற்றுங்கள். அதில் குறைவது கொழுப்பு இல்லை, தண்ணீர். வீட்டுக்குப் போய்க் குடித்தால் எடை திரும்பிவிடும்.

வியர்வை சொட்டினால் உடம்பு குளிராது, ஆவியானால்தான் குளிரும். ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம், அதற்குள் பிளாஸ்டிக் வேறு போட்டால் வெப்பம் எங்கே போகும்? தோலுக்கும் காலுக்கும் ஒரே நேரத்தில் இரத்தம் அனுப்பி இதயம் திணறும். ஓட்டத்தைச் சட்டென்று நிறுத்தினால் காலில் தங்கிய இரத்தம் மேலே வராமல் தலை சுற்றும். நிறுத்துவதற்கு முன் ஐந்து நிமிஷம் நடங்கள்.

வெயிலுக்குப் பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் பிடிக்கும். பழகிய உடம்பு சீக்கிரமே வியர்க்கும், அதிகம் வியர்க்கும், ஆனால் வியர்வையில் உப்பு குறைவாக இருக்கும். குளுவாங்கில் பிறந்தவன்தானே என்று நினைக்காதீர்கள். நாளில் ஒன்பது மணி நேரம் நீங்கள் குளிர்நாட்டில் இருக்கிறீர்கள்.

ஜிம்மில் எடை தூக்கினால் ஆம்பளை மாதிரி ஆகிவிடுவாய் என்கிறார் மாமியார். (வயது 31)

ஆக மாட்டீர்கள். அப்படிப் புடைக்க வைக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் பெண்களுக்கு மிகக் குறைவு. எலும்புக்கும் நல்லது. முடிந்தால் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஓட ஆரம்பித்து ஏழு வாரம். முதல் மாதத்திலேயே மூச்சு வாங்குவது குறைந்துவிட்டது, 2 கிலோமீட்டரிலிருந்து 7க்குப் போய்விட்டேன். இப்போது காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகாலுக்கு மேல் நரம்பு சுண்டி இழுக்கிறது. (வயது 42)

நீங்கள் நரம்பு என்பது தசைநாண், கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு கட்டும் கயிறு. அது உங்கள் மூச்சை விட மெதுவாகப் பாடம் படிக்கும் மாணவன். ஓடத் தொடங்கிய சில நாளிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, ஒரு துடிப்பில் இதயம் தள்ளும் இரத்தமும் கூடுகிறது. சில வாரத்தில் தசைக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகுகிறது. தசைநாணுக்கு இரத்த ஓட்டமே குறைவு, அது உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும். மூச்சு சரி என்று சொன்னதை நம்பித் தூரத்தைக் கூட்டிவிட்டீர்கள், கயிறு இன்னும் தயாராகவில்லை.

மூன்று கிலோமீட்டருக்கு இறங்குங்கள், முழுதும் நிறுத்த வேண்டாம். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை மெதுவாக உயர்த்தி, அதைவிட மெதுவாக இறக்குங்கள். மறுநாள் காலை முதல் அடியில் வலி கூடியிருந்தால் முந்தின நாள் செய்தது அதிகம் என்று பொருள்.

அம்மாவுக்கு 82. குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து நாற்காலியை விட்டு எழவே பயப்படுகிறார். எலும்பு முறிவு இல்லை என்று எக்ஸ்ரேயில் தெரிந்துவிட்டது. இந்த வயதில் தசைக்குப் பலம் வருமா?

வரும். 1990இல் அமெரிக்காவில் 86 முதல் 96 வயதுள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 விழுக்காடு கூடியது. முதல் சில வாரங்களில் கூடும் பலத்தில் பெரும்பங்கு மூளையும் நரம்பும் செய்வது. தூங்கிக்கொண்டிருக்கும் தசை நார்களை எழுப்பி வேலைக்கு அனுப்பப் பழகுகின்றன. தசை பருப்பது அப்புறம்தான்.

கைப்பிடி உள்ள கனமான மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். அம்மா நுனிக்கு நகர்ந்து, பாதத்தை முட்டிக்குச் சற்றுப் பின்னால் வைத்து, மூக்கு கால் பெருவிரலுக்கு மேல் வரும்வரை குனிந்து எழட்டும். உட்காரும்போது நான்கு எண்ணிக்கொண்டே இறங்கட்டும், பொத்தென்று விழ வேண்டாம். முதல் வாரம் மூன்று முறை, நாளுக்கு இரண்டு வேளை. நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், ஆனால் கையைப் பிடித்துத் தூக்காதீர்கள். பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் வேண்டாம், அது பின்னால் நழுவும்.