முதுகில் வைத்த கம்பி உடைந்துவிட்டது: மறு அறுவை சிகிச்சைக்கு நகையை விற்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 44. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக மாதம் 62,000 ரூபாய் சம்பளம் வாங்குகிறேன். 2019-ல் கீழ்முதுகில் திருகுகளும் கம்பிகளும் வைத்து எலும்பு இணைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். அதில் ஒரு கம்பி உடைந்திருப்பது சென்ற மாதம் எக்ஸ்ரேயில் தெரிந்தது. மறு அறுவை சிகிச்சைக்கு ஆறரை லட்சம் ஆகும் என்கிறார்கள். நிறுவனத்தின் குழுக் காப்பீடு 3 லட்சம். பழைய சிகிச்சையைத் தெரிவித்தே நான் தனியாக எடுத்த 5 லட்ச ரூபாய் பாலிசியில், ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் தராத 36 மாதக் காத்திருப்புக் காலம் முடிய இன்னும் நான்கு மாதங்கள் இருக்கின்றன. வேலையை விட்டுவிட்டு, மனைவியின் நகைகளை விற்று, உடனே சிகிச்சை செய்துகொள்ளலாமா?

பதில்: உட்கார்ந்தாலும் நின்றாலும் வலிக்கும் நிலையில் எல்லாவற்றையும் விற்றாவது இதை முடித்துவிட வேண்டும் என்று தோன்றுவது எனக்குப் புரிகிறது. ஆனால், வேலையை மட்டும் இப்போது விட்டுவிடாதீர்கள். நீங்கள் பணியில் இருக்கும்வரைதான் குழுக் காப்பீடு உங்களுடையது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் பெரும்பாலான குழுக் காப்பீடுகள் முதல் நாளிலிருந்தே பணம் தருவதால், இன்றைய நிலையில் நகையைவிட உங்களுக்கு அதிகம் உதவக்கூடியது அதுதான்.

பணக் கணக்குக்கு முன்னால் ஒரு மருத்துவக் கேள்விக்கு விடை வேண்டும்: உங்கள் எலும்புகள் சேர்ந்துவிட்டனவா? கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதுபோல, எலும்புகள் ஒன்றாகச் சேரும்வரை தாங்கிப் பிடிக்கத்தான் கம்பி வைக்கப்படுகிறது. எலும்பு சேராமல் போனால், குனிந்து நிமிரும் ஒவ்வொரு முறையும் சுமையெல்லாம் உலோகத்தின் மேலேயே விழுந்து, அது களைத்து உடைகிறது. எலும்பு சேர்ந்தபின் உடைந்த கம்பி தொல்லை தராவிட்டால், அதை அப்படியே விட்டுவிடுவதும் உண்டு. எலும்பு சேர்ந்ததா என்பதை எக்ஸ்ரேயைவிட சிடி ஸ்கேன் தெளிவாகக் காட்டும் என்பதால், ஆறரை லட்சத்தைத் திரட்டுவதற்குமுன் சில ஆயிரம் ரூபாயை ஸ்கேனுக்கும் இன்னொரு முதுகெலும்பு நிபுணரின் கருத்துக்கும் செலவிடுங்கள். 2019-ஆம் ஆண்டு டிஸ்சார்ஜ் சம்மரியையும், அதில் ஒட்டியிருக்கக்கூடிய திருகு, கம்பி ஸ்டிக்கர்களையும் தேடி எடுத்துச் செல்லுங்கள். பழைய திருகைக் கழற்ற அதே வகைக் கருவி தேவைப்படும் என்பதால், மருத்துவருக்கு அந்த ஸ்டிக்கர் மிகவும் பயன்படும்.

அந்த மருத்துவரிடம், “நான்கு மாதம் பொறுத்தால் உடம்புக்குக் கெடுதல் உண்டா?” என்று நேரடியாகக் கேளுங்கள். காலில் பலம் குறைந்தாலோ சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அப்போது காப்பீட்டுக் கணக்கைப் பார்க்கவே கூடாது. அப்படி எதுவும் இல்லை, பொறுக்கலாம் என்று மருத்துவர் சொன்னால், காத்திருப்புக் காலம் முடிந்தபின் மருத்துவமனையில் சேருவதே நல்லது. குழுக் காப்பீட்டில் 3 லட்சம் பெற்று, எவ்வளவு கொடுத்தோம் என்று அந்தக் காப்பீட்டு நிறுவனம் தரும் தீர்வுக் கடிதத்துடன் மீதியை உங்கள் பாலிசியில் கோரலாம். இடையில் புதுப்பிக்கும் தேதி வந்தால் ஒரு நாள்கூடத் தவறவிடாதீர்கள்.

அறை வாடகையில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். உங்கள் குழுக் காப்பீட்டில் நாளொன்றுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், அதாவது 3,000 ரூபாய் என்று வரம்பு இருந்து, நீங்கள் 6,000 ரூபாய் அறையில் தங்கினால், வெட்டு வாடகையோடு நிற்காது. மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் போன்றவற்றிலும் பாதியைத்தான் தருவார்கள். அந்த வகைச் செலவு 3 லட்சம் என்றால், ஒன்றரை லட்சம் உங்கள் தலையில் விழும். மருந்து, பரிசோதனை, உடலில் பொருத்தும் திருகு, கம்பி ஆகியவற்றின் விலையில் இந்த விகித வெட்டைச் செய்யக் கூடாது என்பது 2020-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ கொண்டுவந்த விதி. வெட்டியிருந்தால் எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள். காப்பீட்டு நிறுவனம் மறுத்தால், கட்டணமின்றிக் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். சென்னையில் அவருக்கு அலுவலகம் உண்டு.

உங்கள் கேள்வியில் இல்லாத செலவுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. சிகிச்சைக்குப்பின் நான்கு மாதம் சம்பளமில்லா விடுப்பு என்றால், 2,48,000 ரூபாய் வராமல் போகும். வழக்கமான மருத்துவக் காப்பீடு அதைத் தராது. ஆகவே, இந்த நான்கு மாதங்களில் சேமிக்க முடிந்ததையெல்லாம் வங்கிக் கணக்கிலேயே வைத்திருங்கள். போதாவிட்டால் நகையை விற்காமல், தேவையான அளவுக்கு மட்டும் வங்கியில் அடகு வையுங்கள். தனிநபர் கடனைவிட வட்டி பொதுவாகக் குறைவு. வருங்கால வைப்பு நிதியிலிருந்து சிகிச்சைக்குப் பணம் எடுக்க இடமுண்டு, அதைத் திருப்பிக் கட்டவும் வேண்டாம். ஆனாலும் 44 வயதில் அதைக் கடைசியாகத்தான் தொடுவேன்.

நாளை மனிதவளப் பிரிவில் இரண்டு விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: சம்பளமில்லா விடுப்பிலும் குழுக் காப்பீடு தொடருமா, அறை வாடகை வரம்பு எவ்வளவு.